பிடியைத் தளர்த்துவது எப்படி? முதல்முறை முயல்பவர்களுக்கு

"விட்டுத் தள்ளுங்க" என்று சொல்லாத ஆளே கிடையாது. எப்படித் தள்ளுவது என்று கேட்டால்தான் பதில் வராது. "மனசைத் தேத்திக்கோ", "நடந்தது நடந்துபோச்சு" என்று இன்னும் இரண்டு வாக்கியம் வரும், அவ்வளவுதான். சொல்பவரைக் குறை சொல்ல முடியாது. அவரிடமும் செய்முறை இல்லை.

என் கதையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டுரை முழுக்க அதைத்தான் இழுத்துக்கொண்டு வரப்போகிறேன். நான் நான்கு மாதம் உட்கார்ந்து செய்த ஒரு வேலையை, கூட வேலைபார்த்த ஒருவர் ஒரு கூட்டத்தில் தன்னுடையதாக எடுத்துவைத்தார். அதே மேசையில் நானும் இருந்தேன். வாய் திறக்கவில்லை. அதற்கப்புறம் ஏழு வருடம், தினமும் காலையில் பல் விளக்கும்போது கண்ணாடி முன்னால் அவரோடு வாதாடினேன். வாய் நிறைய நுரை, கையில் பிரஷ், எதிரே அவர். அவர் எதைச் சொன்னாலும் என்னிடம் பதில் தயாராக இருந்தது. ஏழு வருடத்தில் ஒருநாள்கூட அவர் ஜெயித்ததில்லை. ஒருநாள் வாய் கொப்பளித்துத் துப்பினேன், தண்ணீர் சிவப்பாக விழுந்தது. வாதம் சூடேறி ஈறைத் தேய்த்துப் புண்ணாக்கியிருக்கிறேன்.

அன்றைக்குத்தான் இதற்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்று தோன்றியது. கீழே இருப்பது நான் தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்த வரிசை. ஒரு நோட்டு, ஒரு பேனா, தினம் 15, 20 நிமிடம், ஏறக்குறைய ஆறு வாரம். இவ்வளவுதான் வேண்டும். ஞானம் தேவையில்லை. இருந்திருந்தால் இந்தக் கட்டுரையும் தேவைப்பட்டிருக்காது.

எதை விடக் கூடாது

இதை முதலில் பேசிவிட வேண்டும். ஏனென்றால் "விட்டுவிடு" என்ற சொல்லை வைத்து நிறைய அநியாயம் நடக்கிறது. இன்றும் உங்களை அடிப்பவர், மிரட்டுபவர், ஏமாற்றிக்கொண்டே இருப்பவர் இருந்தால், அது மனதுக்குள் விட வேண்டிய விஷயம் அல்ல. அந்த இடத்தை விட்டு வெளியே வர வேண்டிய விஷயம், உதவி கேட்க வேண்டிய விஷயம். உங்களுக்கு நியாயமாக வர வேண்டியது இன்னும் வரவில்லை, கேட்டு வாங்க வழி இருக்கிறது என்றால், முதலில் போய்க் கேளுங்கள். மனநிம்மதி என்ற பெயரில் ஏமாளியாவது வேறு கலை, அதற்கு வழிகாட்டி தேவையில்லை.

யாரையாவது இப்போதுதான் இழந்திருக்கிறீர்கள் என்றால் இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிடுங்கள். புதுத் துக்கத்துக்குச் செய்முறை கிடையாது. அழுவதுதான் அதன் வேலை.

இன்னொன்று. இரண்டு வாரத்துக்கு மேலாகத் தினமும் மனம் சோர்ந்து கிடக்கிறது, தூக்கமும் பசியும் மாறிவிட்டன, எதிலும் பிடிப்பே இல்லை என்றால், மருத்துவரைப் பார்ப்பதுதான் முதல் படி. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை தலைகாட்டினாலும் அன்றே யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். நோட்டுப் புத்தகம் எங்கேயும் ஓடிவிடாது.

கையில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்

எல்லோரும் சறுக்குகிற இடம் இதுதான். "கடந்த காலத்தை விடப்போகிறேன்", "கோபத்தை விடப்போகிறேன்" என்று ஆரம்பிப்பார்கள். கடந்த காலம் என்பது கையில் அடங்குகிற பொருளா, விடுவதற்கு?

திருக்குறளில் துறவு அதிகாரத்தின் முதல் குறள், 341ஆம் எண்: "யாதனின் யாதனின் நீங்கியான் நோதல் அதனின் அதனின் இலன்." இதைச் சொன்னால் உதடு ஒட்டாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த வேடிக்கையோடு என் படிப்பும் நின்றுவிட்டது. ரொம்ப காலம் கழித்துத்தான் அந்த இரட்டிப்பு கண்ணில் பட்டது. யாதனின் யாதனின், அதனின் அதனின். எதிலிருந்து எதிலிருந்து விலகினானோ, அதனால் அதனால் வரும் வலி அவனுக்கு இல்லை. எல்லாவற்றையும் ஒரே வீச்சில் விடுவதுதான் சிறப்பு என்றாலும், ஒவ்வொன்றாக விட்டாலும் அந்தந்தப் பொருளால் வரும் துன்பம் போய்விடும் என்று பரிமேலழகர் உரை சொல்கிறது. நம்மைப் போன்றவர்களுக்கு அந்த இரண்டாவது வழிதான்.

ஆகவே முதல் வாரம் எதையும் விட வேண்டாம். பட்டியல் மட்டும் போடுங்கள். மனம் சும்மா இருக்கும் நேரங்களில் எங்கே போகிறது என்று கவனியுங்கள். குளிக்கும்போது, வண்டிக்குக் காத்திருக்கும்போது, விளக்கை அணைத்த முதல் பத்து நிமிடம். மேத்யூ கில்லிங்ஸ்வொர்த்தும் டேனியல் கில்பர்ட்டும் 2010இல் வெளியிட்ட ஆய்வில் 2,250 பேரிடம் நாளின் பல வேளைகளில் கைப்பேசி வழியாக "செய்துகொண்டிருக்கும் வேலையைத் தவிர வேறு எதையாவது நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா?" என்று கேட்டார்கள். ஏறக்குறைய 47 சதவீத வேளைகளில், செய்துகொண்டிருந்த வேலையில் மனம் இல்லை. எனவே உங்கள் மனம் ஊர் சுற்றுவதைக் கண்டு வெட்கப்பட வேண்டாம். அது அடிக்கடி போகிற தெரு எது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு வரியிலும் ஓர் ஆள் அல்லது பொருள், ஒரு செயல், ஒரு காலம் மூன்றும் இருக்க வேண்டும். "அக்காவோடு மனஸ்தாபம்" என்று எழுதினால் போதாது. "என் மகள் பிறந்தபோது அக்கா 11 நாள் கழித்துத்தான் வந்து பார்த்தாள்" என்று எழுத வேண்டும். "வாழ்க்கையில் எதுவும் சாதிக்கவில்லை" என்பதை அடித்துவிட்டு, "30 வயதுக்குள் சொந்தமாகத் தொழில் தொடங்குவேன் என்று நண்பர்கள் எல்லோரிடமும் சொன்னேன், தொடங்கவில்லை" என்று எழுதுங்கள். எழுதும்போது காது சுடும். சுட்டால் சரியான வரி என்று அர்த்தம்.

முதல் வார முடிவில் என் பட்டியலில் 11 வரி இருந்தது. அதில் ஒன்று, பள்ளியில் படிக்கும்போது நண்பனிடம் இரவல் வாங்கித் தொலைத்துவிட்ட ஒரு பேனா. இத்தனை வருடமாக அதுவும் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. சிரிப்புதான் வந்தது.

முடியாத வேலையையும் ஆறாத வலியையும் பிரியுங்கள்

இரண்டாவது வாரம் பட்டியலை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு பக்கம், இன்னும் ஏதோ ஒன்று செய்தால் முடிந்துவிடக்கூடியவை. இன்னொரு பக்கம், செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் வலி மட்டும் இருப்பவை.

புளூமா சைகார்னிக் பெர்லினில் செய்து 1927இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. முடித்த வேலைகளைவிடப் பாதியில் நிறுத்தப்பட்ட வேலைகள் நன்றாக நினைவில் நிற்கின்றன என்றது. பின்னால் மற்றவர்கள் செய்து பார்த்தபோது எப்போதும் அதே முடிவு வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நமக்கு அதைவிட உபயோகமானது மசிகாம்போவும் பாமைஸ்டரும் 2011இல் வெளியிட்டது. முடிக்காத வேலை வேறு வேலைக்கு நடுவில் புகுந்து தொந்தரவு செய்கிறது, ஆனால் அதை எப்போது, எப்படி முடிப்பது என்று தெளிவாகத் திட்டம் போட்டாலே அந்தத் தொந்தரவு அடங்கிவிடுகிறது. வேலையை முடிக்கவேண்டும் என்றுகூட இல்லை, திட்டம் போதும்.

எனவே முதல் பக்கத்து வரிகளுக்கு எதிரே ஒரு நாளும் ஒரு செயலும் எழுதுங்கள். "சீக்கிரம் பேச வேண்டும்" என்றால் மனம் நம்பாது. அதற்கு நம்மைப் பற்றி நன்றாகவே தெரியும். "சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கூப்பிட்டு, அன்று நான் பேசியது தப்பு என்று மட்டும் சொல்வேன்" என்று எழுதினால் நம்பும். என் 11 வரிகளில் ஐந்து இந்த வகைதான். பேனாக்காரனைத் தேடிப் பிடித்துச் சொன்னேன். அவனுக்கு அப்படியொரு பேனா இருந்ததே ஞாபகமில்லை. அந்த ஐந்தில் நான்கு, மூன்று வாரத்துக்குள் தீர்ந்தன.

இரவில் மண்டைக்குள் சத்தம் அதிகமாக இருப்பவர்கள் படுக்கும் முன் ஐந்து நிமிடம் மறுநாள் செய்ய வேண்டியவற்றைக் காகிதத்தில் எழுதிப் பாருங்கள். மைக்கேல் ஸ்கல்லின் குழு 2018இல் 57 பேரை வைத்துச் செய்த ஆய்வில், செய்ய வேண்டியதை எழுதியவர்கள், செய்து முடித்ததை எழுதியவர்களைவிடச் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். ஒன்பது நிமிடம் என்ன பெரிசு என்று தோன்றும். தூக்கம் வராமல் கிடந்தவருக்குத் தெரியும்.

நினைக்காதே என்று சொல்லாதீர்கள்

இனி இரண்டாவது பக்கம். இங்கே எல்லோரும் முதலில் செய்வது, எண்ணம் வந்தால் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவது. 1987இல் டேனியல் வெக்னரும் அவர் குழுவும் ஒரு சோதனை செய்தார்கள். ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது, நினைத்தால் மணியை அடிக்க வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதற்கப்புறம்தான் சுவாரசியம். இப்போது தாராளமாக நினைக்கலாம் என்று அனுமதி கொடுத்தபோது, முதலில் அடக்கிவைத்தவர்களுக்குத்தான், அடக்காதவர்களைவிட அதிகமாகக் கரடி வந்தது. ஒருவரை நினைக்காமல் இருக்க நாள் முழுக்கப் பாடுபட்டுவிட்டு இரவில் அவரோடு கனவில் சண்டை போட்டவர்களுக்கு இந்தச் சோதனை புதுச் செய்தியல்ல.

தள்ளுவதற்குப் பதிலாக நேரம் ஒதுக்குங்கள். தினம் ஒரே இடம், ஒரே நேரம், 20 நிமிடம். படுக்கையில் வேண்டாம், தூங்கப்போகும் முன்பும் வேண்டாம். மற்ற நேரத்தில் எண்ணம் வந்தால், "வந்துட்டியா, சரி, ஆறரைக்குப் பேசலாம்" என்று சொல்லி நோட்டில் ஒரு சொல் மட்டும் குறித்துவிட்டுக் கைவேலைக்குத் திரும்புங்கள். ஆறரைக்கு உட்கார்ந்து உண்மையிலேயே அதை யோசிக்க வேண்டும், ஏமாற்றக் கூடாது. ஏமாற்றினால் மறுநாள் அது காத்திருக்காது. முதல் நான்கைந்து நாள் 20 நிமிடம் போதவில்லை. இரண்டாவது வாரம், எட்டாவது நிமிடத்திலேயே எனக்குச் சலித்துவிட்டது. ஏழு வருடமாகச் சலிக்காத வாதம், உட்காரவைத்து முழுசாகக் கேட்டதும் சலித்துவிட்டது. பல் விளக்கும் மூன்று நிமிடத்தில் அதற்குத் திருப்தியாகப் பேச இடமே கிடைத்ததில்லை போலிருக்கிறது.

நண்பர்களிடம் புலம்புவது வேறு கதை. ஒருமுறை, இரண்டு முறை கொட்டித் தீர்ப்பது நல்லதுதான். ஒரே ஆளிடம் ஒரே கதையை மாதக்கணக்கில் பேசி, அவரும் சேர்ந்து எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தால் நட்பு பலப்படும், புண் ஆறாது. எனக்கு அப்படியொரு நண்பர் இருந்தார். "இனிமேல் அந்த ஆளைப் பற்றி நான் ஆரம்பித்தால் பேச்சை மாத்துங்க" என்று கேட்டுக்கொண்டேன். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

உடம்புக்கு முதலில் கற்றுக்கொடுங்கள்

மனது எதையோ பிடித்துக்கொண்டிருக்கும்போது உடம்பில் எங்கோ ஓர் இடமும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். பெரும்பாலும் தாடை. இந்த வரியைப் படிக்கும் இந்த நொடியில் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று பாருங்கள். சாப்பிடாத, பேசாத நேரத்தில் அவை ஒட்ட வேண்டிய அவசியமே இல்லை. அடுத்தது தோள், காதை நோக்கி ஏறியிருக்கும்.

"தளர்த்து" என்று கட்டளையிட்டால் தளராது. அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1920களில் இதற்கு வைத்த வழி நேர் எதிரானது: தளர்த்துவதற்கு முன்னால் இறுக்கு. இறுக்கம் என்றால் என்ன என்று தசைக்குத் தெரிந்தால்தான் தளர்வு என்றால் என்ன என்று தெரியும். அவருடைய முறை நீளமானது, பின்னால் வந்தவர்கள் சுருக்கினார்கள். வீட்டில் செய்யக்கூடிய அளவுக்குச் சொல்கிறேன்.

நாற்காலியில் சாய்ந்து உட்காருங்கள். வலக்கையை முஷ்டியாக்கி ஐந்து முதல் ஏழு நொடி இறுக்குங்கள். முழு பலமும் வேண்டாம், முக்கால் போதும். நகம் உள்ளங்கையில் பதிவதையும் முன்கை நடுங்குவதையும் கவனியுங்கள். அப்புறம் சட்டென்று விடுங்கள். மெல்ல மெல்ல விரிக்கக் கூடாது, அறுந்து விழுவதுபோல் விழ வேண்டும். இனி 20, 30 நொடி ஒன்றும் செய்யாமல் அந்தக் கையையே கவனியுங்கள். விரல்நுனியில் ஒரு சூடு, லேசான கூச்சம், கை கொஞ்சம் கனத்ததுபோல ஓர் உணர்வு வரும். வராவிட்டால் இன்னொரு முறை. பிறகு இடக்கை, மேற்கைகள், நெற்றி, கண், தாடை, தோள், வயிறு, தொடை, கால் விரல் என்று இறங்கி வாருங்கள். கெண்டைக்காலை ரொம்ப இறுக்கினால் சதை பிடித்துக்கொள்ளும், ஜாக்கிரதை. அடிபட்ட இடம், அறுவை சிகிச்சை நடந்த இடம் இருந்தால் அதைத் தாண்டிப் போய்விடுங்கள். மொத்தம் 15 நிமிடம்.

என்னைக் கேட்டால் இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்பவருக்கு இதைத்தான் சொல்வேன். ஏனென்றால் விடுவது என்றால் எப்படி இருக்கும் என்று நம்மில் பலருக்கு அனுபவமே கிடையாது. முஷ்டி திறந்த பிறகு வரும் அந்த அரை நிமிடம்தான் அதன் மாதிரி. பின்னால் மனதில் ஒன்று தளரும்போது, "ஓ, இது அதே மாதிரி இருக்கிறதே" என்று அடையாளம் தெரியும்.

வேலை நடுவில் 15 நிமிடம் எங்கே போவது என்றால், மூச்சு. நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு ஆகும். மூச்சை இழுக்கும்போது இதயம் கொஞ்சம் வேகமாகவும் விடும்போது கொஞ்சம் மெதுவாகவும் துடிக்கிறது. வெளிமூச்சின்போது வேகஸ் என்ற நரம்பு இதயத்தின் வேகத்தைக் குறைக்கிறது, அதனால்தான் வெளிமூச்சை நீட்டுகிறோம். மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டே செய்தால் சிலருக்கு விரலுக்கே தெரியும். தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள்.

நான்கு நாள் எழுத்து

கடினமான வரிக்கு வருவோம். பட்டியலில் எதைத் தொட்டால் அதிகம் வலிக்கிறதோ, அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களை நான்கு நாள் தொடர்ந்து, நாளுக்கு 15 நிமிடம், தங்களை உலுக்கிய ஒரு சம்பவத்தைப் பற்றி எழுதவைத்தார்கள். எழுதி முடித்த கையோடு அவர்கள் மனநிலை மோசமாகத்தான் இருந்தது. ஆனால் நடந்ததையும் அப்போது உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்த ஆறு மாதத்தில் சுகாதார நிலையத்துக்குக் குறைவாகப் போனார்கள். அதற்குப்பின் இதே முறையை ஏராளமானவர்கள் செய்துபார்த்திருக்கிறார்கள். பலன் எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை, பெரும்பாலும் சிறிய அளவில்தான். ஆனாலும் பைசா செலவில்லாத மருந்து.

விதிகள் கொஞ்சம்தான். கடிகாரத்தில் 15 நிமிடம் வைத்துவிட்டுப் பேனாவை எடுக்காமல் எழுத வேண்டும். எழுத்துப்பிழை, வாக்கிய அமைப்பு பார்க்க வேண்டாம். யாருக்கும் காட்டக் கூடாது, எழுதியதும் கிழித்துப் போட்டாலும் சரி. என்ன நடந்தது என்பதோடு அப்போது எப்படி இருந்தது என்பதையும் எழுத வேண்டும். நடுவில் தாங்க முடியவில்லை என்று தோன்றினால் நிறுத்தி வேறு விஷயத்துக்குப் போய்விடலாம். இது பரீட்சை இல்லை. எழுதி முடித்தவுடன் முக்கியமான வேலை, யாரையாவது சந்திப்பது என்று எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

முதல் நாள் நான் எழுதியது சுத்தமான வசை. இரண்டாவது நாளும் வசைதான், கொஞ்சம் நல்ல தமிழில். மூன்றாவது நாள் அந்த அறையை எழுதலாம் என்று ஆரம்பித்தேன். நீள மேசை, ஏசியின் ஓசை, என் முன்னால் இருந்த தண்ணீர் பாட்டில், அதன் மூடியை நான் திருகித் திருகித் திறந்து மூடிக்கொண்டிருந்தது. அவர் பேசி முடித்ததும் தலைமையில் இருந்தவர், "யாராவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். அதை நான் ஏழு வருடமாக மறந்திருந்தேன். கேட்டார். என்னைப் பார்த்துக்கூடக் கேட்டார். நான் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

நான்காவது நாள் அவரைப் பற்றி ஒரு வரிகூட வரவில்லை. என் கையில் இருந்தது அவர் இல்லை, அந்த மூடி. நான் மன்னிக்க வேண்டியிருந்த ஆள் வேறு ஒருவர், கண்ணாடியில் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவர். என் வேலையைத் தன்னுடையதாகக் காட்டியவர் செய்தது அப்போதும் தப்புதான், இப்போதும் தப்புதான். ஆனால் அவரை விடவேண்டும் என்று எத்தனை பாடுபட்டிருந்தாலும் விட்டிருக்க முடியாது, பிடியே வேறெங்கோ அல்லவா இருந்தது.

எல்லோருக்கும் இப்படித் திருப்பம் வரும் என்று உறுதி தர மாட்டேன். ஆனால் "இதைத்தான் பிடித்திருக்கிறேன்" என்று பட்டியலில் எழுதியிருக்கிறீர்களே, அதன்மேல் ஒரு சின்னச் சந்தேகம் வைத்துக்கொண்டே எழுதுங்கள்.

சிலருக்கு இந்த எழுத்திலிருந்து கடிதம் பிறக்கும். எழுதலாம், அனுப்பக் கூடாது. 30 நாள் வைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் அனுப்பத் தோன்றினால் பாதியாக வெட்டிவிட்டு அனுப்புங்கள். மன்னிப்பதும் மறுபடி பழகுவதும் வேறு வேறு. முதலாவது உங்கள் வேலை, எதிராளிக்குத் தெரியவேண்டிய அவசியம்கூட இல்லை. இரண்டாவதற்கு இரண்டு பேரும் வேண்டும், அவர் மாறியிருக்கவும் வேண்டும்.

பொருள்கள்

இதில் பலர் முதலில் இறங்குவார்கள், ஏனென்றால் அலமாரியை ஒழிப்பது எளிது. நான் கடைசியில் வைத்ததற்குக் காரணம், பொருளை ஒழித்தால் எல்லாம் ஒழிந்தது என்று அங்கேயே நின்றுவிடுகிறோம்.

1990இல் டேனியல் கானிமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் வெளியிட்ட சோதனையில் பாதிப் பேருக்கு ஒரு காபிக் கோப்பையைக் கொடுத்து விற்கச் சொன்னார்கள். கோப்பை கிடைத்தவர்கள் கேட்ட விலை, கிடைக்காதவர்கள் கொடுக்கத் தயாராக இருந்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கோப்பை அவர்கள் கைக்கு வந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அப்படியென்றால் 15 வருடமாக வீட்டில் இருக்கும் பொருளை நாம் எப்படி மதிப்போம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எனவே "இதை விடலாமா?" என்று கேட்டால் பதில் எப்போதும் "வேண்டாம்" தான். கேள்வியைத் திருப்புங்கள்: "இது என்னிடம் இல்லை, இன்று யாரோ நீட்டுகிறார்கள், வாங்கிக்கொள்வேனா?"

என்னிடம் ஒரு கிடார் இருந்தது. கறுப்பு உறைக்குள், அலமாரி மேல். கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று ஒன்பது வருடம். அந்தப் பக்கம் பார்க்கும்போதெல்லாம் ஒரு சின்னக் குத்து. இறக்கி உறையைத் திறந்தால் ஒரு கம்பி அறுந்து சுருண்டு கிடந்தது, எப்போது அறுந்தது என்றுகூடத் தெரியவில்லை. தெரிந்தவர் ஒருவரின் மகள் கற்றுக்கொண்டிருந்தாள், கம்பி மாற்றிக் கொடுத்தேன். அலமாரி மேல் அதன் உருவம் தூசியில்லாத ஒரு தடமாக ரொம்ப நாள் இருந்தது, துடைக்க மனசு வரவில்லை. கொடுப்பதற்குக் கஷ்டமாக இருந்தது மரமும் கம்பியும் இல்லை. என்றாவது ஒருநாள் நண்பர்கள் நடுவில் உட்கார்ந்து வாசிக்கப்போகிற ஓர் ஆள் உள்ளே இருந்தானே, அவனுக்கு விடைகொடுப்பதுதான் கஷ்டம்.

தயக்கம் இருந்தால் ஒரு பெட்டியில் போட்டு ஒட்டி, மேலே தேதி எழுதி ஆறு மாதம் வைத்திருங்கள். ஒருமுறைகூடத் தேடவில்லை என்றால் திறந்து பார்க்காமல் கொடுத்துவிடுங்கள். திறந்தால் தொலைந்தீர்கள். இறந்துபோனவர்களின் பொருளுக்கு இந்த விதி பொருந்தாது. அதற்கு அவசரமும் இல்லை.

திரும்பி வரும்போது

வரும். ஒரு பெயர் காதில் விழும், பழைய வாசனை ஒன்று மூக்கில் ஏறும், அதே தேதி நாட்காட்டியில் வரும். ஆறு வாரம் செய்ததெல்லாம் வீண் என்று தோன்றும். வீண் இல்லை. வருகிறதா என்று பார்க்காதீர்கள், வந்தால் எவ்வளவு நேரம் தங்குகிறது என்று பாருங்கள். நோட்டில் அதைத்தான் குறிக்க வேண்டும். எனக்கு ஆரம்பத்தில் ஒரு காலை முழுக்க ஓடிய வாதம், ஆறாவது வாரத்தில் வாய் கொப்பளிப்பதற்குள் முடிந்தது.

இன்னொரு பொறி, விட்டுவிட்டேன் என்ற பெருமை. இரண்டு மாதம் கழித்து நான் பார்ப்பவர்களிடமெல்லாம் அந்த ஆளை மன்னித்துவிட்டதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். "மன்னிச்சதுக்கு அப்புறம்தான் அவரைப் பத்தி அதிகமாப் பேசறீங்க" என்று என் மனைவி சொன்னாள். அதோடு நிறுத்தினேன்.

தனியாகச் செய்ய வராது, யாராவது கூட இருந்தால் நல்லது என்பவர்களுக்கு எட்டு வார மனவிழிப்புப் (மைண்ட்ஃபுல்னெஸ்) பயிற்சி இருக்கிறது. 1979இல் ஜான் கபட்-ஸின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில், தீராத வலியோடும் மன அழுத்தத்தோடும் வந்தவர்களுக்காகத் தொடங்கிய முறை. இப்போது பல நாடுகளில் நடத்துகிறார்கள். ஒரே அமர்வில் நிரந்தர நிம்மதி தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள்.

பட்டியலை ஆறாவது வாரம் எடுத்துப் பார்த்தேன். 11 வரியில் ஏழு அடிக்கப்பட்டிருந்தன. நான்கு மிச்சம். அதில் மூன்றுக்கு இன்னும் வேலை நடக்கிறது, ஒன்றுக்கு நாள்கூடக் குறித்திருக்கிறேன். நான்காவது வரி, ஒருவர் கடைசியாக என்னைக் கூப்பிட்டபோது போனை எடுக்காமல் விட்டது. அதைப் பலமுறை படித்துப் பார்த்தேன். அடிக்கவில்லை, திட்டமும் எழுதவில்லை. அப்படியே இருக்கட்டும் என்று பக்கத்தில் ஒரு புள்ளி மட்டும் வைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் போன் அடித்தால் இரண்டாவது மணிக்குள் எடுத்துவிடுகிறேன்.